நெடுஞ்சாலையோரத்துத் தீப்பந்தங்கள்



சென்ற திங்கள் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று நம் மேசைமேல் நெடுநாள் கிடந்தது. விடை எழுதுவதற்கென எழுதுகோலை எடுப்போம்; ஒரு வரியும் எழுதாமல் மீண்டும் வைத்துவிடுவோம். எழுதியவர் ஒரு பங்கைச் சேர்ந்த குடும்பத் தலைவர். அவருடைய தந்தையார் முப்பத்தைந்து ஆண்டுகள் உபதேசியாராய்ப் பணியாற்றியவர். குருவானவர் மாதம் ஒருமுறையே வரக்கூடிய சிற்றூர்களுக்கெல்லாம் கால்நடையாகவே சென்று, சிறுவர்க்கு மந்திரங்கள் கற்பித்து, நோயாளிகளுக்கருகில் அமர்ந்து செபமாலை சொன்னவர். இரண்டு கோடைகளுக்கு முன் பக்கவாதம் கண்டு, இடக்காலும் இடக்கையும் வழங்காமற் போய்ப் படுக்கையில் கிடக்கிறார். ஊட்டினால் உண்கிறார். பேச்சுக்குக் குறைவில்லை, ஆயினும் பேசுவதில்லை. எவரேனும் அறைக்குள் நுழைந்தால் சுவர்ப்பக்கமாய் முகத்தைத் திருப்பிக் கொள்கிறார். "நடந்தே வாழ்ந்த மனிதர் நடக்க முடியாமற் போனபின், அவரிடம் நாங்கள் என்ன சொல்வது?" என்று மகன் கேட்டிருந்தார்.

பொறுமையைப் பற்றி நான்கு வரி எழுதி அனுப்புவது எளிது. ஆனால் அந்த முதியவர் பொறுமையைப் பற்றிப் பிறர்க்குப் போதித்தவராயிற்றே! அவருக்கு நாம் எதைப் புதிதாய்ச் சொல்ல இயலும்? இவ்வாறு எண்ணிக்கொண்டிருக்கையில், காலால் வாழ்ந்த வேறொரு மனிதரும் அவர் ஓடிய சாலையும் நம் நினைவுக்கு வந்தனர். அச்சாலையின் கடைசி மைல்களில் இம்மாதம் உங்களை அழைத்துச் செல்ல விழைகிறோம்.

மாரத்தான் ஓட்டத்தை அறியாதார் இலர். அதன் தொலைவு 42 கிலோ மீட்டர் 195 மீட்டர். 1908-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் வின்சர் அரண்மனையில் தொடங்கி, விளையாட்டரங்கில் அரச குடும்பத்தினர் அமர்ந்திருந்த மேடைக்கு முன் முடியுமாறு வகுத்த அளவே பின்னர் 1921-இல் நிலையான அளவாயிற்று. இவ்வோட்டத்தை ஓடியவர்கள் ஒன்று சொல்வார்கள்: இது ஓர் ஓட்டமன்று, ஈரோட்டம். முதல் முப்பது கிலோ மீட்டர் ஒன்று. எஞ்சிய பன்னிரண்டு மற்றொன்று. இதற்கு உடற்கூற்றிலேயே காரணம் உண்டு. நாம் உண்ணும் மாவுப் பொருள் சர்க்கரையாக மாறித் தசைகளிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்னும் உருவில் சேமிக்கப்படுகிறது. விரைந்து ஓடுவோர்க்கு அச்சேமிப்பு ஏறத்தாழ முப்பது கிலோ மீட்டரளவில் தீரத் தொடங்குகிறது. அப்போது கால்கள் ஈயம்போற் கனக்கும், உள்ளம் சோரும். ஓட்டக்காரர்கள் இதனைச் 'சுவரில் மோதுதல்' என்பார்கள். உடலின் வலிமையை மட்டுமே நம்பி வந்தவர் அவ்விடத்தில் நின்றுவிடுவார். முன்னரே ஓர் அடையாளத்தை உள்ளத்தில் குறித்துக்கொண்டு வந்தவரோ அதனை நோக்கித் தொடர்ந்து ஓடுவார்.

1960-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள். உரோமை நகரில் ஒலிம்பிக் விளையாட்டுகள் நடந்துகொண்டிருந்தன. மாரத்தான் ஓட்டத்தை விளையாட்டரங்கில் முடிப்பதுதான் அதுவரை ஒலிம்பிக்கில் வழக்கம். உரோமையர் அவ்வழக்கை மாற்றினர். தம் நகரின் தொன்மையெல்லாம் உலகின் கண்ணுக்குத் தெரியவேண்டுமென்று, பழைய நினைவுச் சின்னங்களின் நடுவே வழி வகுத்தனர். பகல் வெயிலுக்கு அஞ்சி மாலை ஐந்தரை மணிக்கு ஓட்டத்தைத் தொடங்கினர். தொடங்கிய இடம் மைக்கேல் ஆஞ்சலோ வடிவமைத்த சதுக்கத்தைத் தாங்கி நிற்கும் காம்பிதோலியோ குன்று. ஓட்டக்காரர்கள் அங்கிருந்து நகருக்கு வெளியே சென்று, ஒரு பெரும் சுற்றுச் சுற்றி, தொன்மையான அப்பியா நெடுஞ்சாலை வழியாக மீண்டும் நகருக்குள் வரவேண்டும்.

அவர்களுள் எத்தியோப்பியப் பேரரசரின் மெய்க்காவற் படையைச் சேர்ந்த வீரர் ஒருவர் இருந்தார். பெயர் அபெபே பிகிலா, வயது 28, மார்பில் 11-ஆம் எண். காலில் செருப்பும் இல்லை, காலணியும் இல்லை. புதிதாக வாங்கிய காலணி பாதத்தைக் கடித்துக் கொப்புளம் உண்டாக்கியதால், ஊரில் பழகியவாறே வெறுங்காலுடன் ஓடத் துணிந்தார் என்பர். தொடக்கத்தில் நின்றபோது அவரை ஒரு பொருட்டாகக் கருதியவர் மிகச் சிலரே.

பாதி வழிக்குள் இருவர் மட்டும் முன்னணியில் தனித்தனர்: ஒருவர் பிகிலா, மற்றவர் மொரோக்கோ நாட்டின் ராதி பென் அப்தெசலாம். இங்கே ஒரு வியப்பு. ராதிதான் அஞ்சத்தக்க போட்டியாளர் என்பதைப் பிகிலா முன்னரே அறிந்திருந்தார். ஆனால் அவர் அணிந்திருப்பார் என்று அறிந்திருந்த எண் 26. ராதியோ அன்று 185 என்ற எண்ணுடன் ஓடினார். ஆகவே, தம் தோளோடு தோள் உரச ஓடி வருபவர் ராதிதான் என்று அறியாமல், அந்த 26-ஆம் எண்காரர் இன்னும் முன்னே ஓடுவதாக எண்ணி இருளில் தேடிக்கொண்டே ஓடினாராம். எம்மாவுசுக்குச் சென்ற சீடர்கள் தங்களோடு நடந்தவர் யாரென்று அறியாமல் நடந்தார்கள் அன்றோ? வழியில் நம்மருகே வருபவரை நாம் அறிந்துகொள்வது பெரும்பாலும் பயணம் முடிந்த பிறகே.

கதிரவன் மறைந்தபின் அவர்கள் அப்பியா நெடுஞ்சாலையில் நுழைந்தனர். கிறிஸ்து பிறப்பதற்கு 312 ஆண்டுகளுக்கு முன் அப்பியுஸ் கிளாவுதியுஸ் என்பார் போடத் தொடங்கிய சாலை அது. எரிமலைக் கருங்கற்கள் பாவிய பாதை. இருபுறமும் பைன் மரங்களும் சைப்பிரசு மரங்களும் சிதைந்த கல்லறைகளும் நிற்கும். அன்றிரவு ஓட்டக்காரர்களுக்கு வழி தெரிவதற்காகப் படைவீரர்கள் சாலையோரத்தில் கையில் தீப்பந்தங்களை ஏந்தி நின்றனர். அவர்கள் ஓடவில்லை, ஓடுகிறவரைத் தாங்கவும் இல்லை. அவரவர் இடத்தில் நின்று ஒளியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அன்பர்களே, இந்தப் பந்தக்காரர்களைச் சற்று நினைவில் வைத்திருங்கள். பின்னர் அவர்களிடம் திரும்ப வருவோம்.

இனி, அச்சாலையின் அடையாளங்களை ஓடியவர்கள் கண்ட வரிசையிலேயே காண்போம். முதலில் வட்டக் கோட்டைபோல் நிற்கும் செசீலியா மெத்தெல்லாவின் கல்லறை; உயர்குடிப் பெண் ஒருத்திக்காக இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுப்பப்பட்டது. அடுத்து மக்சேன்சியுஸ் மன்னன் தேரோட்டப் பந்தயத்திற்கென அமைத்த திடல். அம்மன்னன் 312-இல் கொன்ஸ்தந்தீனிடம் தோற்றுத் திபேர் ஆற்றில் மூழ்கி மாண்டான். இன்று அத்திடலில் புல்லும் இடிந்த சுவர்களுமே எஞ்சியுள்ளன.

அதனையடுத்துப் புனித செபஸ்தியாரின் பேராலயமும் அதன்கீழுள்ள சுரங்கக் கல்லறைகளும். நம் ஊர்களில் கொள்ளைநோய்க் காலங்களில் மக்கள் கூவி அழைத்த அதே செபஸ்தியார்தாம். மரபுப்படி அவரும் ஒரு பேரரசரின் காவற்படை வீரர். கிறிஸ்துவை மறுதலியாததால் அம்புகளால் துளைக்கப்பட்டவர். மற்றொரு பேரரசரின் காவற்படை வீரர் அன்றிரவு அவருடைய கல்லறையைக் கடந்து வெறுங்காலுடன் ஓடினார். சற்றுத் தொலைவில் மூன்றாம் நூற்றாண்டின் பாப்பரசர் பலர் அடக்கம் செய்யப்பட்ட புனித கலிஸ்துவின் சுரங்கக் கல்லறைகள்.

பிறகு சாலையோரத்தில் ஒரு சிறு கோவில். 'குவோ வாதிஸ்' கோவில் என்பர். நீரோ மன்னனின் கலாபனைக்கு அஞ்சி நகரைவிட்டு வெளியேறிய புனித இராயப்பர், எதிரே நகரை நோக்கி வரும் ஆண்டவரைக் கண்டு எங்கே செல்கிறீர் என வினவியதாகவும், மீண்டும் அறையுண்ணச் செல்வதாக ஆண்டவர் விடையளித்ததாகவும், இராயப்பர் வெட்கித் திரும்பியதாகவும் பழைய மரபு கூறும். இது வேத நூலில் உள்ள நிகழ்ச்சியன்று. பண்டைய மக்கள் போற்றிக் காத்த கதை. கோவிலுக்குள் ஒரு பளிங்குக் கல்லில் இரண்டு பாதங்களின் சுவடுகள் உள்ளன. அது பிரதி, மூலக் கல் புனித செபஸ்தியார் பேராலயத்தில் இருக்கிறது. வெறும் பாதங்களின் சுவட்டை வணங்கும் அச்சாலையில், இராயப்பர் திரும்பி நடந்த அதே திசையில், வெறும் பாதங்களோடு ஒருவர் ஓடினார் என்பதை எண்ணும்போது நம் உள்ளம் நெகிழ்கிறது.

இராயப்பருக்கு மட்டுமன்று, புனித சின்னப்பருக்கும் இதுவே சாலை. கைதியாக, காவல் வீரனுடைய கண்காணிப்பில் அவர் உரோமைக்கு வந்ததை அப்போஸ்தலர் பணி நூலின் இறுதி அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவர் வரும் செய்தி கேட்டு, உரோமையிலிருந்த சகோதரர்கள் அப்பியுச் சந்தை வரையிலும், மூன்று விடுதி என்னும் இடம் வரையிலும் நடந்து வந்து அவரை எதிர்கொண்டனர். அவர்களைக் கண்டதும் சின்னப்பர் இறைவனுக்கு நன்றி கூறித் துணிவு பெற்றார் என நூலாசிரியர் எழுதுகிறார். எத்தனையோ ஆபத்துகளைக் கடந்து வந்த சின்னப்பருக்குக்கூடச் சாலையோரத்தில் நிற்கும் முகங்கள் தேவைப்பட்டன! தம் வாழ்வை ஓட்டப் பந்தயத்திற்கு ஒப்பிட்டு, அதை ஓடி முடித்துவிட்டதாகத் திமோத்தேயுவுக்கு எழுதியவரும் அவரே அன்றோ?

மீண்டும் நம் ஓட்டக்காரர்களிடம் வருவோம். நகர மதிலின் புனித செபஸ்தியார் வாயிலுக்குள் இருவரும் ஒன்றாகவே நுழைந்தனர். கரக்கல்லா மன்னனின் குளியல் மாளிகை இடிபாடுகளைக் கடந்தால் கப்பேனா வாயிற் சதுக்கம். பழைய நாளில் அப்பியா நெடுஞ்சாலை தொடங்கிய இடம் அதுவே. சாலையின் மைல்களை அங்கிருந்தே எண்ணினர். அச்சதுக்கத்தில் அன்று 24 மீட்டர் உயரமும் ஏறத்தாழ 160 டன் எடையுமுள்ள ஒரு கற்றூண் நின்றது. அது உரோமையருடைய கல்லன்று; எத்தியோப்பியாவின் பண்டைத் தலைநகராகிய அக்சும் நகரத்துக் கல். 1935-இல் இத்தாலியப் படை எத்தியோப்பியாவுக்குள் புகுந்தது. நச்சுப் புகையையும் பயன்படுத்தியது. 1937-இல் வெற்றிச் சின்னமாக அத்தூணைக் கவர்ந்து வந்து, ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சகத்திற்கென இடம் ஒதுக்கிய அச்சதுக்கத்தில் நாட்டினர். படையெடுப்பு நடந்தபோது பிகிலா மூன்று வயதுக் குழந்தை.

ஓட்டத்திற்குச் சில நாட்களுக்கு முன், பிகிலாவும் சுவீடன் நாட்டவரான அவருடைய பயிற்சியாளர் ஒன்னி நிஸ்கனனும் வழியைப் பார்வையிட்டபோது அத்தூணைக் கண்டனர். முழு வலிமையையும் வெளிப்படுத்தவேண்டிய இடம் அதுவே என அப்போதே குறித்துக்கொண்டனர் என்று அவ்வோட்டத்தைப் பற்றி எழுதியவர்கள் கூறுகிறார்கள். அன்றிரவு, முடிவிடத்திற்கு ஒரு மைலுக்கும் குறைந்த தொலைவில், பந்த ஒளியில் அக்கல் தெரிந்ததும் பிகிலா வேகத்தைக் கூட்டினார். ராதியால் ஈடுகொடுக்க இயலவில்லை. கொன்ஸ்தந்தீன் மன்னனின் வெற்றி வளைவை 2 மணி 15 நிமிடம் 16.2 விநாடியில் பிகிலா அடைந்தார். ராதி 25 விநாடி பின்னே வந்தார். அது அன்றைய உலகின் மிகச் சிறந்த நேரம். ஆப்பிரிக்கக் கறுப்பினத்தார் ஒருவர் ஒலிம்பிக்கில் வென்ற முதல் தங்கப் பதக்கமும் அதுவே.

தம் நாட்டாரிடமிருந்து பறித்து வந்த கல்லைக் கண்டபோது அவருடைய உள்ளத்தில் என்ன எழுந்ததோ, நாம் அறியோம். சினம் எழுந்திருந்தாலும் வியப்பில்லை. ஆனால் அவர் அக்கல்லின்முன் நின்று புலம்பவில்லை. அதை வழிகாட்டியாகக் கொண்டு ஓடினார். பெற்ற காயமே அவருக்குப் பாதையின் அடையாளமாயிற்று.

கதை இத்துடன் முடிந்திருந்தால், உபதேசியாரின் மகனுக்கு இதை எழுதியிருக்கமாட்டோம். வென்றவரின் கதை படுக்கையில் கிடப்பவருக்கு ஆறுதலாகாது. எனவே மேலும் கேளுங்கள்.

1964-இல் தோக்கியோ நகரில், குடல்வால் அறுவை செய்துகொண்ட சில வாரங்களிலேயே, பிகிலா மீண்டும் வென்றார். ஒலிம்பிக் மாரத்தானை இருமுறை வென்ற முதல் மனிதர் அவரே. 1968-இல் மெக்சிக்கோவில் கால் வலியால் பாதி வழிக்கு முன்பே விலகினார். 1969 மார்ச் மாதத்தில் ஓர் இரவு அவர் ஓட்டிச் சென்ற கார் கவிழ்ந்தது. உயிர் தப்பியது, கால்கள் தப்பவில்லை. இங்கிலாந்தில் ஸ்டோக் மண்டவில் மருத்துவமனையில் பல மாதங்கள் சிகிச்சை பெற்றும் அவரால் மீண்டும் நடக்க இயலவில்லை. உலகம் கண்டு வியந்த கால்கள் முப்பத்தேழாம் வயதை எட்டுமுன்னரே ஓய்ந்தன.

அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த நாட்களும் இருந்திருக்கும். ஆயினும் அங்கேயே நின்றுவிடவில்லை. வெற்றிகளை இறைவன் சித்தம் என ஏற்றது போலவே இவ்விபத்தையும் ஏற்கவேண்டும் என்னும் கருத்தை அவர் வெளியிட்டார். 1970-இல், உடல் ஊனமுற்றோர்க்காக ஸ்டோக் மண்டவிலில் நடந்த விளையாட்டுகளில் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே வில்லெடுத்து அம்பெய்தார். மறு ஆண்டு நார்வே நாட்டில் நாய்கள் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டிப் பந்தயத்தில் கலந்துகொண்டு வென்றார். வெப்ப நாட்டு மனிதர், வடநாட்டுப் பனியில்! 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்கிற்குச் சிறப்பு விருந்தினராகச் சென்றபோது மக்கள் எழுந்து நின்று ஆரவாரித்தனர். அவ்வாண்டு மாரத்தானில் வென்ற அமெரிக்கர் ஃபிராங்க் ஷார்ட்டர் அவரிடம் வந்து கைகுலுக்கினார். 1973 அக்டோபர் 25-ஆம் நாள், 41-ஆம் வயதில், மூளையில் குருதி கசிந்து பிகிலா இறந்தார். பேரரசரே அடக்கச் சடங்கிற்கு வந்திருந்தார். அடிஸ் அபாபாவில் புனித யோசேப்பு ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் அவர் துயில்கிறார்.

அந்தக் கல் என்னவாயிற்று? 1947-ஆம் ஆண்டு அமைதி உடன்படிக்கையிலேயே திருப்பித் தருவதாக இத்தாலி ஒப்புக்கொண்டது. ஆனால் வாக்கு நிறைவேற அரை நூற்றாண்டுக்கும் மேலாயிற்று. 2005-இல் தூணை மூன்று துண்டுகளாக விமானத்தில் ஏற்றி அக்சுமுக்கு அனுப்பினர். 2008-இல் அது தன் பழைய மண்ணில் மீண்டும் நிமிர்ந்து நின்றது. அமைச்சகத்திற்கென எழுப்பத் தொடங்கிய அந்த மாளிகையில், உலகத்தாரின் பசி தீர்க்கப் பாடுபடும் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1951 முதல் இயங்கி வருகிறது. பறித்தது திரும்பியதையும், ஆளவந்தோரின் இல்லம் ஊட்டுவோரின் இல்லமானதையும் காண்கையில், இறைவனுடைய கடிகாரம் நம்முடையதைவிட மெல்லச் சுற்றுகிறது என்றே தோன்றுகிறது.

இனி, கடிதம் எழுதிய சகோதரருக்கு நம் விடை.

தங்கள் தந்தையார் இப்போது தம் ஓட்டத்தின் கடைசி மைல்களில் இருக்கிறார். சேர்த்து வைத்த வலிமை தீரும் இடம் அது. சுவரில் மோதுவது அவருடைய பலவீனமன்று. அவ்வளவு தொலைவு ஓடியதன் பயன். ஆகவே, "எல்லாம் சரியாகிவிடும் அப்பா" என்று அவரிடம் சொல்லாதீர்கள். அது உண்மையன்று என்பதை அவர் தங்களைவிட நன்கு அறிவார். மாறாக, அவருடைய சாலையின் அடையாளங்களைக் கேளுங்கள். எந்தெந்த ஊர்களுக்கு நடந்தார்? எந்த ஆற்றைக் கடந்தார்? எந்த மரத்தடியில் சிறுவரை அமர்த்தி மந்திரம் கற்பித்தார்? யாருடைய மரணப் படுக்கைக்கருகில் இரவெல்லாம் விழித்திருந்தார்? ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஊர்ப் பெயர்களை வரிசையாகப் பேரப்பிள்ளைகள் எழுதட்டும். நாளுக்கோர் ஊர் என வைத்துக்கொண்டு, அவ்வூர் மக்களுக்காக அன்றைய செபமாலையை அவரே தொடங்கி நடத்தட்டும். வலக்கை வழங்குகிறதல்லவா? மணிகளை உருட்ட அது போதும். கால்கள் நின்றுவிட்டன, உபதேசியார் நின்றுவிடவில்லை என்பதை அவரே கண்டுகொள்வார். முதல் நாளே பேசுவார் என எதிர்பாராதீர்கள். பத்தாம் நாளும் பேசாமல் இருக்கலாம். தொடர்ந்து கேளுங்கள்.

அவருடைய கட்டிலைச் சுவரோரத்திலிருந்து எடுத்துத் தெருவைப் பார்த்த சன்னலருகே போடுங்கள். இது சிறு செயல். ஆனால் கடைசி மைல்களில் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் பெரிது.

மற்றொன்றும் உண்டு. அவருக்காகத் தாங்கள் ஓட இயலாது; அவருடைய களைப்பைத் தாங்கள் வாங்கிக்கொள்ளவும் இயலாது. அந்த இயலாமையே தங்களை வாட்டுகிறது என்பதைத் தங்கள் கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் உணர்ந்தோம். அப்பியா நெடுஞ்சாலையில் நின்ற பந்தக்காரர்களை நினைவுகூருங்கள். சின்னப்பரை எதிர்கொள்ள நடந்து வந்த பெயர் தெரியாத சகோதரர்களை நினைவுகூருங்கள். அவர்கள் செய்ததெல்லாம் அங்கே நின்றதுதான். ஓடுகிறவர் ஒருவர் இருளில் அடுத்த அடியை எங்கே வைப்பதென்று அறிந்துகொள்ள அது போதுமாயிருந்தது.

நம் பங்குக் குடும்பங்களில் இத்தகைய கட்டில் இல்லாத வீடு அரிது. இன்று மாலை, விளக்கேற்றியபின், அக்கட்டிலருகே சற்று நேரம் அமருங்கள். சொல்ல ஏதுமில்லை எனினும் அமருங்கள்.